அந்நிய விமானம் நம் மண்ணில் விழுந்தால்

அயலூர் வண்டி ஒன்று நமது ஊர் எல்லையிலே குடைசாய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வண்டிக்காரன் ஓர் ஊர். வண்டியைச் செய்த தச்சன் வேறோர் ஊர். வண்டியில் வந்த கல்யாணக் கோஷ்டியோ மூன்றாவது ஊர். பஞ்சாயத்து எங்கே கூடுவது? வண்டிக்காரன் ஊரில் கூடினால் பாதை சரியில்லை என்று தீர்ப்பாகும். நம் ஊரில் கூடினால் வண்டிக்காரன் தூங்கிவிட்டான் என்று தீர்ப்பாகும். தச்சன் ஊரில் கூடினாலோ, பாதையும் வண்டிக்காரனும் சேர்ந்தே குற்றவாளிகளாவார்கள். அச்சாணி மட்டும் தப்பித்துக்கொள்ளும்.

ஆகாய மார்க்கத்திலே இந்தச் சங்கடம் நூறு மடங்கு பெரிது. இக்காலத்தில் ஒரு பிரயாணி விமானம் ஒரு தேசத்தில் வடிவமைக்கப்பட்டு, வேறொரு தேசத்தில் பதிவு செய்யப்பட்டு, மூன்றாவது தேசத்தாரை ஏற்றிக்கொண்டு, நான்காவது தேசத்தின் மேலே பறந்துகொண்டிருக்கிறது. அது விழுந்துவிட்டால், ஏன் விழுந்தது என்று கேட்கும் உரிமை யாருக்கு? இந்தக் கேள்வி நமது தேசத்தின் வாயிற்படியிலேயே ஒரு நாள் வந்து நின்றது. அன்று விழுந்தவை இரண்டு விமானங்கள். இரண்டுமே அந்நிய தேசத்தில் பதிவானவை.

1996-ம் வருஷம் நவம்பர் 12-ந் தேதி. தீபாவளி கழிந்து இரண்டே நாள். மாலை சுமார் ஆறரை மணிக்கு ஸவூதி அரேபிய விமானம் ஒன்று டில்லியிலிருந்து தாஹ்ரானை நோக்கிக் கிளம்பிற்று. போயிங் 747 என்னும் பெரிய ரகம். அதில் பிரயாணிகளும் சிப்பந்திகளுமாக 312 பேர். பெரும்பாலோர் இந்தியர், அரபு நாடுகளில் கூலிக்கும் உத்தியோகத்துக்குமாகப் போய், வீட்டுக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறவர்கள். அதே வேளையில் மத்திய ஆசியாவின் சிம்கெண்ட் நகரிலிருந்து கஜகஸ்தான் விமானம் ஒன்று டில்லியில் இறங்குவதற்காக வந்துகொண்டிருந்தது. ருஷ்ய மாதிரியான இல்யூஷின் 76 அது. அதில் 37 பேர். டில்லிக் கடைவீதிகளில் சரக்கு வாங்க வந்த வியாபாரிகளும் அவர்களில் உண்டு.

டில்லிக்கு மேற்கே, ஹரியானாவிலுள்ள சர்க்கி தாத்ரி என்ற ஊருக்கு மேலே, சுமார் 14,000 அடி உயரத்தில் இவ்விரண்டும் மோதிக்கொண்டன. வயல்களில் நெருப்பு மழையாகப் பெய்ததைக் கண்டு கிராமத்தார் ஓடிவந்தார்கள். குற்றுயிராய்க் கிடந்த சிலரும் சற்று நேரத்தில் மாண்டுபோனார்கள். மொத்தம் 349 உயிர்கள். நடுவானில் இரு விமானங்கள் மோதிக்கொண்ட விபத்துக்களிலே இதற்கு ஈடான உயிர்ச்சேதம் உலகத்தில் வேறெங்கும் நேர்ந்ததில்லை.

மறுநாளே குற்றச்சாட்டுக்கள் கிளம்பிவிட்டன. மேகத்துக்குள் காற்றுக் கொந்தளிப்பில் சிக்கி விமானம் தானாகவே கீழே இறங்கிவிட்டது என்றது கஜகஸ்தான் தரப்பு. கஜக் விமானிகளுக்குச் சொன்னது புரியவில்லை என்றார்கள் டில்லி விமானநிலையத்திலிருந்து வழிகாட்டும் உத்தியோகஸ்தர்கள். அந்த உத்தியோகஸ்தர்களோ இந்திய சர்க்காரின் ஸ்தாபனமொன்றின் ஊழியர்கள். ஆகவே விசாரிக்க வேண்டிய சர்க்காரே ஒரு கட்சிக்காரராகவும் இருந்தது. 312 குடும்பங்களும் 37 குடும்பங்களும் உண்மையை அறியக் காத்திருக்க, அந்த உண்மையைச் சொல்ல வேண்டிய பொறுப்பு நம் தலையில் விழுந்தது.

ஏன் நம் தலையில்?

விஷயம் 1944-ம் வருஷத்திலே தொடங்குகிறது. யுத்தம் இன்னும் முடியாத அந்த டிசம்பர் மாதத்தில் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் பல தேசத்துப் பிரதிநிதிகள் கூடி, ஆகாயப் போக்குவரத்துக்காக ஓர் உடன்படிக்கை எழுதினார்கள். அதன் 26-வது ஷரத்து இந்தப் பஞ்சாயத்துக்கு விடை சொல்கிறது. விமானம் எந்த தேசத்து மண்ணில் விழுகிறதோ, அந்த தேசமே விசாரிக்க வேண்டும். விமானம் எந்த தேசத்தில் பதிவாகியிருக்கிறதோ, அந்த தேசத்தாருக்கு விசாரணையில் தங்கள் ஆட்களை உட்கார வைக்கும் உரிமை உண்டு. விசாரணை முடிந்ததும் முடிவை அவர்களுக்கு அறிவித்துவிட வேண்டும். இந்த ஷரத்தின் மேல் கட்டிய விரிவான விதிகளை 1951-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து ஸ்தாபனம் தனி அனுபந்தமாக ஏற்றுக்கொண்டது. உடன்படிக்கையின் 13-வது அனுபந்தம் என்று அதற்குப் பெயர்.

இவ்விதிகளின்படி, விமானத்தை வடிவமைத்த தேசம், செய்த தேசம், நடத்துகிற கம்பெனியின் தேசம் ஆகியவையும் தலைக்கு ஒரு பிரதிநிதியை அனுப்பலாம். அவர் வெறும் பார்வையாளர் அல்லர். சிதறிக் கிடப்பவற்றைப் பார்க்கலாம், சாட்சிகளிடம் கேட்கலாம், பத்திரங்களைப் பெறலாம். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து முடிவு சொல்வது விபத்து நடந்த தேசம்தான். அந்த தேசம் விரும்பினால் பொறுப்பை இன்னொரு தேசத்திடம் ஒப்படைக்கவும் செய்யலாம். 2014-ல் மலேசிய விமானம் ஒன்று உக்ரேனின் மேலே சுட்டு வீழ்த்தப்பட்டபோது, மாண்டவர்களில் பெரும்பகுதியினர் டச்சுக்காரர்களாயிருந்தமையால், உக்ரேன் விசாரணையை நெதர்லாந்திடம் ஒப்படைத்துவிட்டது.

விமானத்தின் தேசம் எது என்பதை அதன் உடலில் எழுதியிருக்கும் எழுத்துக்களே சொல்லிவிடும். ஸவூதி விமானங்களுக்கு எச்.இஸட்.; அன்றைய கஜக் விமானங்களுக்கு யு.என். நமது விமானங்களுக்கு வி.டி. இந்த இரண்டெழுத்து வைஸ்ராயின் பிரதேசம் என்பதன் சுருக்கம் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அது கட்டுக்கதை. வி என்ற எழுத்தில் தொடங்கும் வரிசை சாம்ராஜ்யத்துப் பகுதிகளுக்குப் பங்கிடப்பட்டபோது நமக்கு வந்த பங்கு அது. ஆயினும், வைஸ்ராயின் சுருக்கமில்லாவிட்டாலும் வைஸ்ராய் காலத்துப் பங்கீடுதானே! அதை இன்னும் சுமந்துகொண்டு பறப்பது நமக்கு என்னவோ அவ்வளவு உவப்பாக இல்லை.

கல்கத்தாவில் கற்ற பாடம்

அந்நிய விமானத்தை விசாரிக்கும் வேலை சுதந்திர இந்தியாவுக்கு 1996-ல் புதியதல்ல. 1953-ம் வருஷம் மே மாதம் 2-ந் தேதி, பிரிட்டிஷ் கம்பெனியின் காமெட் விமானம் ஒன்று கல்கத்தாவின் டம்டம் நிலையத்திலிருந்து டில்லிக்குக் கிளம்பிச் சில நிமிஷங்களில் புயலிடையே சிதறி விழுந்தது. 43 பேர் மாண்டனர். காமெட் என்பது உலகத்திலேயே முதன்முதலாகப் பிரயாணிகளை ஏற்றிய ஜெட் விமானம். பிரிட்டனின் கௌரவமே அதன் இறக்கைகளில் இருந்தது. சரியாக ஒரு வருஷத்துக்கு முன், அதே மே 2-ந் தேதிதான் அதன் முதல் பிரயாணம் நடந்திருந்தது. விழுந்தது நமது மண்ணில் ஆனதால் இந்திய விசாரணை மன்றம் கூடிற்று. புயலின் வேகத்தால் விமானத்தின் உடற்கட்டே ஆகாயத்தில் முறிந்தது என்று அது முடிவு கூறியது. புயலின் உதறலோ, அல்லது அதைச் சமாளிக்க விமானி யந்திரத்தை அளவு மீறி இழுத்ததோ அதற்குக் காரணமாயிருக்கலாம் என்றது.

காமெட்டுகள் தொடர்ந்து பறந்தன. 1954 ஜனவரி 10-ந் தேதி இத்தாலியின் எல்பாத் தீவருகே ஒன்று கடலில் விழுந்தது, 35 பேர். அங்கே புயலும் இல்லை. பைஸா நகரத்து வைத்தியர் ஒருவர் கரை சேர்ந்த உடல்களைப் பரிசோதித்து, நுரையீரல்கள் வெடித்திருப்பதையும் மண்டையோடுகள் பிளந்திருப்பதையும் குறித்துவைத்தார். கடலில் விழுந்ததனால் வந்த காயங்களல்ல அவை. காற்றடைத்த கூண்டு நடுவானில் திடீரென்று பிளந்தால் வருபவை. சில வாரம் நிறுத்திவைக்கப்பட்ட காமெட்டுகள் மார்ச்சில் மீண்டும் பறக்கவிடப்பட்டன. ஏப்ரல் 8-ந் தேதி நேப்பிள்ஸ் அருகே இன்னொன்று விழுந்தது, 21 பேர். அதன்பிறகே பிரிட்டனுக்குத் துணிவு வந்தது. பறக்கும் அநுமதி ரத்தாயிற்று. பார்ன்பரோ ஆராய்ச்சிசாலையில் ஒரு முழுக் காமெட்டைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இருத்தி, பறக்கும்போது ஏற்படும் அழுத்தத்தை மீண்டும் மீண்டும் ஏற்றியும் இறக்கியும் பார்த்தார்கள். முன்பு பறந்த தடவைகளையும் சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம் தடவை ஆனதும் உடல் கிழிந்தது. ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் கடைசியில் ஒடிவது போல, உலோகம் களைத்துப் போயிருந்தது.

கல்கத்தா மன்றம் உடற்கட்டு முறிந்தது என்று சொன்ன எட்டு மாதத்துக்குள் எல்பா. பதினொரு மாதத்தில் நேப்பிள்ஸ். விழுந்த இடத்தார் கண்டதை, செய்த தேசத்தார் காதில் போட்டுக்கொள்ளும் வேகத்தைப் பொறுத்து உயிர்கள் போகின்றன அல்லது நிற்கின்றன. அந்நிய விமான விசாரணையைச் சம்பிரதாயச் சடங்காக நாம் கருதக்கூடாது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம்.

இதற்கு எதிர்ப்புறமான அனுபவமும் நமக்கு உண்டு. 1955 ஏப்ரல் 11-ந் தேதி, ஏர் இந்தியாவின் 'காஷ்மீர் பிரின்ஸஸ்' என்ற விமானம் ஹாங்காங்கிலிருந்து ஜகார்த்தாவுக்குப் பாண்டுங் மகாநாட்டுப் பிரதிநிதிகளை ஏற்றிச் சென்றபோது வெடித்துக் கடலில் விழுந்தது. விமானம் இந்தியாவினுடையது, செய்தது அமெரிக்கா, பிரயாணிகளில் பெரும்பாலோர் சீனர், கிளம்பிய இடம் பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த ஹாங்காங், விழுந்தது இந்தோனேசியக் கடல். 19 பேரில் இந்தியச் சிப்பந்திகள் மூவர் மட்டும் நீந்திப் பிழைத்தார்கள். இந்தோனேசியா விசாரித்து, வலப்புறச் சக்கரக் குழியில் வைத்த கடிகார வெடிகுண்டே காரணம் என்று அடுத்த மாதமே அறிவித்தது. சுதந்திரமடைந்து பத்து வருஷங்கூட ஆகாத ஒரு கீழ்நாடு இத்தனை வல்லரசுகளின் நடுவே ஒளிவு மறைவின்றி முடிவு சொன்னது நமக்கு அன்றும் பெருமை, இன்றும் பெருமை.

தாத்ரி விசாரணை

இனி சர்க்கி தாத்ரிக்குத் திரும்புவோம். டில்லி ஹைகோர்ட்டு நீதிபதி ஆர். ஸி. லஹோட்டி விசாரணை மன்றத்துக்குத் தலைவராக நியமிக்கப்பட்டார். பிற்காலத்தில் இந்தியாவின் பிரதம நீதிபதியானவர் இவரே. இரண்டு விமானக் கம்பெனிகளும், டில்லி வழிகாட்டிகளின் சங்கமும் மன்றத்தின் முன் தத்தம் கட்சியைச் சொல்லின.

விமானத்திலே இரண்டு பதிவுப் பெட்டிகள் உண்டு. கறுப்புப் பெட்டி என்று பத்திரிகைகள் எழுதும். உண்மையில் அதன் நிறம் ஆரஞ்சு. சிதறலுக்குள் சுலபமாகக் கண்ணில் படவேண்டும் என்பதற்காக அந்த நிறம். ஒன்று விமானத்தின் உயரம், வேகம் முதலியவற்றைக் குறித்துக்கொண்டே வரும். மற்றது விமானிகளின் பேச்சைப் பதிந்துகொள்ளும். இந்தப் பெட்டிகளை எங்கே திறப்பது என்பதிலேதான் சந்தேகமெல்லாம் பிறக்கும். நாமே திறந்தால் பெட்டியில் இல்லாததை எழுதிக்கொண்டோம் என்பார்கள். அவர்களிடமே கொடுத்துவிட்டால் இருப்பதை அழித்துவிட்டார்கள் என்று நம்மவர் சொல்வார்கள். ஆகவே கஜக் விமானத்தின் பெட்டிகள் மாஸ்கோவிலும், ஸவூதி விமானத்தின் பெட்டிகள் இங்கிலாந்திலுள்ள பார்ன்பரோவிலும், விபத்து ஆராய்ச்சியாளரின் மேற்பார்வையில் திறந்து படிக்கப்பட்டன. ஆம், காமெட்டைத் தொட்டியில் அமுக்கிய அதே பார்ன்பரோதான்.

பெட்டிகள் சொன்ன கதை இது. டில்லியில் இறங்க வரும் கஜக் விமானத்துக்கு 15,000 அடியில் நிற்கும்படி உத்தரவு. கிளம்பிப் போகும் ஸவூதி விமானத்துக்கு 14,000 அடி. இரண்டும் ஒரே பாதையில் எதிரும் புதிருமாக வந்தாலும், ஒன்றன் மேல் ஒன்றாக ஆயிரம் அடி இடைவெளியில் கடந்து போயிருக்க வேண்டும். ஸவூதி விமானம் சொன்ன உயரத்திலேயே இருந்தது. கஜக் விமானமோ 15,000 அடியை அடைந்துவிட்டதாக அறிவித்துவிட்டு, அந்த உயரத்தில் நிற்காமல் மேலும் இறங்கிக்கொண்டே இருந்தது.

ஏன் இறங்கியது? இங்கேதான் விஷயம் வெறும் யந்திரத்தை விட்டு மனிதரிடம் வருகிறது. அந்த ருஷ்ய மாதிரி விமானத்தில் தரையோடு ரேடியோவில் பேசுவதற்கென்று தனியாக ஓர் ஆள். விமானிகளுக்கு ஆங்கிலம் போதாது; இவர் கேட்டுச் சொல்வதையே அவர்கள் நம்பியிருந்தார்கள். இவருக்கு எதிரிலோ உயரம் காட்டும் கருவி கிடையாது. விமானியின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துத்தான் உயரம் அறியவேண்டும். எதிரே பதினான்கு மைலில், 14,000 அடி உயரத்தில் ஒரு விமானம் வருகிறது என்று டில்லி எச்சரித்தது. ஒரே பேச்சில் இரண்டு பதினான்கு. பாஷை நன்றாகத் தெரிந்தவர்களே தடுமாறக்கூடிய இடம். போதாக்குறைக்கு அவர்கள் ஊரில் உயரத்துக்கு மீட்டர் கணக்கு. உலகத்தின் மற்றப் பகுதிகளில் பெரும்பாலும் அடிக்கணக்கு. 15,000 அடி என்றால் 4,572 மீட்டர். 14,000 அடி என்றால் 4,267 மீட்டர். நமது வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டால் சிலேட்டில் போட்டு நிதானமாகச் சொல்லிவிடுவார்கள். இருட்டில், மேகத்தில், அந்நிய பாஷை காதில் ஒலிக்க, வேகமாக இறங்கும் யந்திரத்தில் உட்கார்ந்து போடும் கணக்கு வேறு.

கடைசி விநாடிகளில் ரேடியோக்காரர் கருவியைப் பார்த்துத் திடுக்கிட்டு, உயரம் தவறிவிட்டதென்று கூவினார். விமானி யந்திரத்தை முழு வேகத்தில் முடுக்கி மேலே எழுப்பினார். அந்த எழுச்சியே வினையாயிற்று. கஜக் விமானத்தின் வாற்பகுதி ஸவூதி விமானத்தின் இடது இறக்கையை அறுத்தது. எழும்பாமல் இருந்திருந்தால் கீழாகவே கடந்து போயிருக்கக்கூடும் என்று எண்ணும்போது மனம் பதைக்கிறது. ஸவூதி விமானிகளின் பேச்சுப் பெட்டியில் கடைசியாகப் பதிந்திருந்தவை பிரார்த்தனை மொழிகள்.

மன்றத்தின் அறிக்கை 1997-ல் வந்தது. உத்தரவிட்ட உயரத்தை விட்டு இறங்கியது கஜக் விமானத் தலைவரின் தவறு என்றும், விமானிகளின் ஆங்கில அறிவுக் குறையே இந்தப் பிசகுக்கு மூலமென்றும் அது கூறிற்று. டில்லி வழிகாட்டியின் உத்தரவில் பிழையில்லை. இத்துடன் நின்றிருந்தால், கண்டீர்களா, தன் ஆளைக் காப்பாற்றிக்கொண்டார்கள் என்று உலகம் நகைத்திருக்கும். அறிக்கை இத்துடன் நிற்கவில்லை.

டில்லியில் அப்போது விமானங்கள் வருவதற்கும் போவதற்கும் ஒரே ஒரு பாதைதான் இருந்தது. மீதி ஆகாயத்தின் பெரும்பகுதி விமானப்படையின் வசம். தலைநகரத்தின் ராடார் கருவியோ விமானம் எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று காட்டுமேயன்றி, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று காட்டாது. அதாவது, கஜக் விமானம் 15,000 அடியில் இருக்கிறேன் என்று வாயால் சொன்னால், டில்லி அதைக் காதால் கேட்டு நம்ப வேண்டியதுதான். கண்ணால் பார்த்துச் சரிபார்க்க வழியில்லை. 349 உயிர்கள் ஒரு வாய்ச்சொல்லின் மேல் தொங்கிக்கொண்டிருந்தன. உயரங்காட்டும் ராடாரை உடனே பயன்படுத்த வேண்டும், வருவதற்கும் போவதற்கும் தனித்தனிப் பாதை வேண்டும், விமானப்படையின் ஆதிக்கத்திலுள்ள ஆகாயத்தைக் குறைக்க வேண்டும், இந்திய ஆகாயத்தில் பறக்கும் பிரயாணி விமானங்கள் யாவிலும் மோதல் தடுக்கும் கருவி இருக்க வேண்டும் என்றெல்லாம் சிபார்சுகள் வெளிவந்தன. சொந்த வீட்டுக் குப்பையைச் சபை நடுவே கொட்டிக் காட்டிய விசாரணை இது. அந்நியரைக் குற்றம் சொல்ல நமக்குள்ள தகுதி இந்தப் பகுதியிலிருந்தே பிறக்கிறது என்பது நமது அபிப்பிராயம்.

அந்தக் கருவியைப் பற்றி இரண்டு வார்த்தை. ஒவ்வொரு விமானமும் தன் உயரத்தை மற்ற விமானங்களுக்குத் தானாகவே தெரிவித்துக்கொண்டிருக்கும். இரண்டு விமானங்கள் ஆபத்தான நெருக்கத்தில் வந்தால், இரண்டின் கருவிகளும் தமக்குள்ளேயே ஒப்பந்தம் செய்துகொண்டு, ஒரு விமானிக்கு ஏறு என்றும் மற்றவருக்கு இறங்கு என்றும் உத்தரவிடும். தரையிலுள்ளவரின் குரலும் வேண்டாம், ராடாரும் வேண்டாம். தாத்ரிக்குப் பிறகு இந்தியாவில் அது கட்டாயமாயிற்று.

பாஷை விஷயமும் உலக சபைக்குப் போயிற்று. 349 பேரைப் பலி கொண்ட விபத்தை முன்னிட்டு, ரேடியோவில் பேசும் விமானிகளுக்கும் வழிகாட்டிகளுக்கும் ஆங்கிலப் பயிற்சியை உறுதிப்படுத்த வேண்டுமென்று சர்வதேச ஸ்தாபனத்தின் மகாசபை 1998-ல் தீர்மானித்தது. 2003-ல் விதிகள் ஏற்பட்டன. 2008-ல் அமுலுக்கு வந்தன. ஆறு படிகள் கொண்ட பரீட்சையில் நாலாம் படியாவது தேறாதவர் சர்வதேச மார்க்கத்தில் பேச முடியாது. ஆங்கில மோகத்துக்கு நாம் வக்காலத்து வாங்குவதாக வாசகர்கள் எண்ணவேண்டாம். தாய்மொழியில் தரையோடு பேச விதிகள் இடந்தருகின்றன. இருவருக்கும் பொதுவான தாய்மொழி இல்லாதபோதுதான் ஆங்கிலம். செட்டியார் கடைத் தராசுக்கு முத்திரைக் கல் எப்படியோ, அப்படியே ஆகாயத்துக்கு ஒரு பொதுப் பாஷை.

திருடன் கையில் சாவி

சிக்காகோ விதி இவ்வளவு நன்றாயிருந்தும் அதில் ஓர் ஓட்டை உண்டு. விபத்து நடந்த தேசமே விபத்துக்குக் காரணமாயிருந்தால்?

2020 ஜனவரி 8-ந் தேதி, உக்ரேனில் பதிவான போயிங் விமானம் ஒன்று ஈரானின் தலைநகர் டெஹ்ரானிலிருந்து கிளம்பிச் சில நிமிஷங்களில் விழுந்தது. 176 பேர், ஒருவரும் மிஞ்சவில்லை. கானடாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த மாணவர்களும் குடும்பங்களும் அதில் ஏராளம். யந்திரக் கோளாறு என்றே ஈரான் மூன்று நாள் சொல்லிக்கொண்டிருந்தது. ஜனவரி 11-ந் தேதி, தன் சொந்த ராணுவமே தவறுதலாக ஏவுகணையால் அடித்ததென்று ஒப்புக்கொண்டது. ஆயினும் சட்டப்படி விசாரிக்கும் தேசம் ஈரான்தான். அடித்த கையே அறிக்கையும் எழுத வேண்டும்! பெட்டிகள் ஜூலை மாதம் வரை திறக்கப்படவில்லை; கடைசியில் பாரிஸ் நகரில் படிக்கப்பட்டன. 2021 மார்ச்சில் வந்த அறிக்கை, ஏவுகணைப் பிரிவினர் பிரயாணி விமானத்தைப் பகை விமானமென்று மயங்கினார்கள் என்றது. ஆபத்தான அந்த இரவிலே ஆகாயத்தை ஏன் மூடவில்லை, ஏவ அநுமதித்தது யார் என்று கேட்ட கானடாவுக்கும் உக்ரேனுக்கும் அந்த அறிக்கையில் திருப்தியான விடை கிடைக்கவில்லை.

இதற்கு விதிகளில் மருந்து அதிகமில்லை. நகல் அறிக்கையை மற்றத் தரப்புத் தேசங்களுக்கு முன்கூட்டி அனுப்ப வேண்டும். அவர்களுக்கு 60 நாள் அவகாசம். அவர்கள் சொல்லும் ஆட்சேபத்தை ஏற்காவிட்டால், அவர்கள் விரும்பினால் அதை அறிக்கையோடு சேர்த்துப் பிரசுரிக்க வேண்டும். மாண்டவர்களின் தேசத்துக்கோ இந்த அளவு உரிமைகூட இல்லை. தன் நிபுணர் ஒருவரை அனுப்பி விபத்து நடந்த இடத்தைப் பார்க்கவும் தகவல் பெறவும் இடமுண்டு. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கு இது மிகச் சொற்பமான சலுகை என்றே நமக்குப் படுகிறது. மேலும், இந்த விசாரணைகளின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பதுதான். யார்மீதும் குற்றமோ பொறுப்போ சுமத்துவதன்று என்று 13-வது அனுபந்தம் ஆணித்தரமாகச் சொல்கிறது. பயமின்றி விமானியும் மிஸ்திரியும் உண்மையைச் சொல்வதற்காக ஏற்பட்ட விதி அது, நல்ல விதியே. குற்றத்தைக் கேட்க விரும்புகிறவர் வேறு வாயிலைத் தட்ட வேண்டும். கானடா, பிரிட்டன், ஸ்வீடன், உக்ரேன் ஆகிய நான்கு தேசங்களும் அதைத்தான் செய்தன. 2023-ம் வருஷம் ஜூலை மாதம் 4-ந் தேதி, ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றத்தில் ஈரானின் மேல் வழக்குத் தொடுத்தன.